பஜார் தெருவில் பாதி ஷட்டர்

போக வேண்டிய ஊர் செஞ்சி. போய் இறங்கியது மேல்மலையனூரில். அன்று அமாவாசை என்பதைக் காலண்டரில் பார்க்காமல் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பியதற்குக் கிடைத்த பரிசு அது. விழுப்புரத்தில் நின்ற பேருந்தெல்லாம் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற சிறப்புப் பேருந்தாக இருந்தது. செஞ்சி வழியாகத்தானே போகும் என்று ஒன்றில் ஏறினேன். அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது, அசந்துவிட்டேன். பாதித் தூக்கத்தில் பக்கத்து இருக்கைப் பெண்கள் பேசிக்கொண்டது மட்டும் காதில் விழுந்தது.

“செஞ்சி வந்துட்ச்சி. இந்த அம்மாவ எழுப்பலாமா?”

“வுடு, பாவம். இம்மாந்தூரம் பெட்டிய தூக்கிக்கினு ஆத்தாளப் பாக்கத்தான் போவும். தூங்கட்டும்.”

அந்தக் கருணை என்னைக் கொண்டுபோய் ஜனக் கடலில் இறக்கியது. எலுமிச்சம்பழம் விற்பவர்களும் கற்பூரம் விற்பவர்களும் என் பெட்டியை இடித்துக்கொண்டு போனார்கள். அக்காவுக்கு ஃபோன் செய்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“போனதுதான் போன, கும்புட்டுட்டு வா. எனக்கும் சேத்துக் கும்புடு. நான்தான் இந்த வருசம் கோயிலுக்குப் போவக் கூடாதே” என்றாள்.

மாமா இறந்து ஒரு வருடம் ஆகும்வரை அவள் கோயில் படி மிதிக்க முடியாது. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்தக் கூட்டத்தின் நடுவில் அவள் குரலில் கேட்டபோது பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். கோயில் வாசல்வரை போக முடியவில்லை. கோபுரம் தெரிந்த இடத்திலேயே நின்று இரண்டு பேருக்குமாகக் கும்பிட்டேன். செஞ்சி திரும்பும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா சரோஜாவுக்கும் மாமா தனபாலுக்கும் செஞ்சி பஜார் தெருவில் கயிறு, சாக்கு, தார்ப்பாய் விற்கிற கடை. கீழே கடை, மேலே வீடு. கோடை தொடங்கும் நேரத்தில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து, மகன் பிரபு சென்னைக்குக் கொண்டுபோனான். அங்கே ஆஸ்பத்திரியிலேயே உயிர் போய்விட்டது. சென்னையிலேயே மின்மயானத்தில் எரித்துவிட்டார்கள். கருமாதியும் அங்கேயே முடிந்தது. அது முடிந்த கையோடு அக்கா செஞ்சிக்குத் திரும்பி வந்து, மாடியில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். சென்னைக்கு வரமாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை. “சித்தி, நீங்க சொன்னா கேப்பாங்க, எப்படியாவது கூட்டிக்கிட்டு வந்துடுங்க” என்று பிரபு என்னிடம் கெஞ்சினான். நான் பிறந்தது முதல் அவள் நான் சொல்லி எதையும் கேட்டதில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இட்லிக்கு மல்லாட்டைச் சட்னி. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து மூட்டை மூட்டையாக இங்கே வரும் கடலையை நாங்கள் கோவையில் பொட்டலத்தில் வாங்கி, அதிலும் பாதியைச் சொத்தை என்று கொட்டுவோம். அந்தச் சட்னியைத் தொட்ட பிறகு ஐந்தாவது இட்லி எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். சிறுவாணி குடித்துப் பழகிய நாக்குக்கு அது தண்ணீரே இல்லை. வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன்.

“ஆமாடி. உங்க ஊரு தண்ணியக் குடிச்சித்தான் உன் வாய் இவ்ளோ இனிப்பா இருக்குது” என்றாள் அக்கா.

கேலி செய்கிறாளே, பரவாயில்லை என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அவள் தட்டில் வைத்த இட்லி வைத்தபடியே இருந்தது.

மொட்டை மாடியில் துணி காயப்போட ஏறினால் ராஜகிரி முழுதாகத் தெரிகிறது. யாரோ பாறைகளை அள்ளிக் கொட்டிவிட்டு அதன் உச்சியில் ஒரு கோட்டையையும் வைத்துவிட்டுப் போன மலை. கீழே குனிந்தால் வேறு உலகம். எதிரே எத்திராஜ் என்பவரின் பாத்திரக்கடை, அதன் மாடியில் உடற்பயிற்சிக்கூடம். விடியற்காலையிலேயே அதிர அதிரப் பாட்டு. பக்கத்தில் செல்ஃபோன் ஷோரூம், அதற்கப்பால் லிஃப்ட் வைத்த நகைக்கடை, மூலையில் ஷவர்மா, அதற்கு எதிரில் கண்ணாடிக் கதவு போட்ட காபிக்கடை. கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த பிறகு வெளியூர்க்காரர்கள் வரத்து கூடிவிட்டதாம். ஒரு நல்ல காபிக்கு நான் கோவையில் ஆட்டோ பிடிக்க வேண்டும். அக்கா படியிறங்கினால் போதும்.

பிரபு ஃபோனில் ஒவ்வொரு நாளும் கேட்கிறான், அந்தப் பழைய தெருவில் என்ன இருக்கிறது என்று. அவன் சென்னை வீடு இருக்கிற அடுக்ககத்தில் கருவேப்பிலை வாங்கக்கூட ஃபோனில் ஆப்பைத்தான் திறக்க வேண்டும். இந்தத் தெருவில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், அதுவும் மாமா. நான் இதைச் சொல்லவில்லை. காரியத்துக்காக வந்தவள் நான்.

தெருவில் ஒன்றைக் கவனித்தேன். அக்கா பால் வாங்க இறங்கினால் கடைக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஆனால் யாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எத்திராஜ் அவளைக் கண்டதும் உள்ளே போய் ஏதோ குடத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அவர்தான் மாமாவோடு தினமும் டீ குடித்தவர்.

“துக்கம் கேக்க வந்தாங்களா இவங்க?” என்றேன்.

“வந்தாங்க, உக்காந்தாங்க, போயிட்டாங்க” என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் நான் மட்டும் கோட்டைக்குப் போனேன். அக்கா வரவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த மலையைத் தினமும் பார்ப்பவள், ஒரு முறைகூட ஏறியதில்லையாம். ஷேர் ஆட்டோ பாதி வழியில் மூச்சை விட்டுவிட்டது. டிரைவர் இறங்கி அதை ஒரு உதை உதைத்துவிட்டு, “ராஜா காலத்துக் குதிர, அப்டித்தான் இருக்கும்” என்றார். மீதித் தூரத்தை வெயிலில் நடந்தேன்.

கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு, நெற்களஞ்சியத்தின் நிழலில் உட்கார்ந்து மோர்ப் பாக்கெட்டைக் கடித்தேன். ஒரு குரங்கு வந்து பறித்துக்கொண்டது. கேட்டு வாங்கவா முடியும்? பக்கத்தில் வடநாட்டுக் குடும்பம் ஒன்று. “அப்பா, ராஜா இறந்தபோது எந்த வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள்?” என்று அதில் ஒரு சின்னப் பெண் இந்தியில் கேட்டாள். அப்பா ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஏதாவது ஒரு வாசல் வழியாகத்தான்” என்றார். அந்த வயதில் கேள்விகள் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். மலை உச்சிவரை ஏறவில்லை. என் முழங்கால் அனுமதி தரவில்லை.

அதற்கு மறுநாள்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

காலை பத்து மணி வியாபாரம் சூடாக இருந்தது. தெருமுனையில் பறைச் சத்தம் கேட்டது. பின்னாலேயே சங்கு. பூ விற்கிற காமாட்சியம்மாவின் சாவு எடுப்பு என்று அக்கா சொன்னாள். அடுத்த நொடி தெரு முழுவதும் கடகடவென்று ஒரே சத்தம். ஒவ்வொரு கடையிலும் ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டு, கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். உடற்பயிற்சிக்கூடத்தில் பாட்டு நின்றது. செல்ஃபோன் ஷோரூமுக்குக் கண்ணாடிக் கதவுதான், ஷட்டர் உள்பக்கம். அவர்கள் பெயர்ப் பலகையின் விளக்கை அணைத்துவிட்டு, சீருடையோடு வரிசையாக நின்றார்கள். பஜார் தெருவின் வழக்கம் அது. பிணம் கடையைத் தாண்டும்வரை ஷட்டர் பாதியில் நிற்கும், தாண்டியதும் தூக்கிவிடுவார்கள். காமாட்சியம்மாவுக்குக் கடைகூட இல்லை, கூடைதான். ஆனாலும் அந்தத் தெருவில் உழைத்தவள், அதனால் அந்தத் தெருதான் அனுப்பி வைக்க வேண்டும்.

நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் இல்லை. கீழே நம் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மாமா போனதிலிருந்து கடை மூடியே கிடக்கிறது. ஷட்டர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மூடிய கடை எப்படி மரியாதை செய்யும்? அக்கா பூட்டைத் திறந்தாள். இரண்டு கையாலும் பிடித்து, துருப்பிடித்து முரண்டு செய்த அந்த ஷட்டரை மேலே தூக்கினாள். பாதிவரை. அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற கடைகளெல்லாம் இறக்கியதும் எங்கள் கடை ஏற்றியதும் ஒரே மட்டத்துக்கு வந்தன. பாடை எங்களைத் தாண்டியது. எல்லா ஷட்டரும் மேலே போயின. அக்கா மட்டும் தன்னுடையதைக் கீழே இறக்கிப் பூட்டினாள். நான் அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

மேலே வந்தவள் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“இந்தத் தெருவுல பறச் சத்தம் கேட்டா மொதல்ல எறங்குறது நம்ம கட சட்டருதான். உங்க மாமா எறக்குவாரு, அதப் பாத்துத்தான் மத்தவங்க எறக்குவாங்க. எத்தினி பேர வழி அனுப்புனாரு தெரியுமா? அவரு மட்டும் இந்தத் தெரு வழியா போவலையே வசந்தி. யாரோ ஊர்ல, பொத்தான அமுத்தி எரிச்சிட்டு வந்துட்டோம். அவருக்கு ஒரு சட்டரு எறங்கல.”

“அக்கா...”

“அவரே போவலையாம், நான் மட்டும் எப்பிடிடி இந்தத் தெருவ வுட்டுப் போறது?”

எரித்தது எரித்ததுதான். சாம்பலானவரை இன்னொரு முறை எடுக்க முடியுமா? அன்று மதியம் அவள் வைத்த கத்திரிக்காய்க் காரக்குழம்பு அமிர்தமாக இருந்தது. என்னால் அதைச் சொல்லக்கூட முடியவில்லை.

சாயங்காலம் எத்திராஜ் கடைக்குப் போனேன். அவரைக் கொஞ்சம் கேட்க வேண்டும் என்றே போனேன். கூடவே டீ குடித்த மனுஷனின் பெண்டாட்டியைக் கண்டால் குடத்தைத் துடைக்கிற ஆளிடம் கேட்பதற்கு என்னிடம் நாலு வார்த்தை இருந்தது. சும்மா ஒரு தூக்குவாளியைக் கையில் எடுத்து விலை கேட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

“எங்க அக்கா மூஞ்சியப் பார்த்துப் பேச உங்க யாருக்கும் மனசு வரலையா?”

அவர் தூக்கை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“பேசறதுக்கு எங்களுக்கு இன்னாமா மூஞ்சி இருக்குது? அண்ணன் தவறிட்டாருன்னு விடியக்காலம் பிரபு எனக்குத்தான் ஃபோன் பண்ணாரு. மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடுறோம்னாரு. நான் தெரு பூராவும் போய்ச் சொன்னேன். பூவு, மாலை, பறை எல்லாம் ஏற்பாடு. ஒம்பது மணிக்கே நான் சட்டர எறக்கிட்டேன். எப்பவும் அவரு எறக்குறத பாத்துதான் எறக்குவேன். அன்னிக்கு அவரு கடைய பாத்தேன், பூட்டி கெடந்துச்சி. சரி, நம்மதான் மொதல்ல எறக்கணும்னு எறக்கினேன். எல்லாரும் எறக்கிட்டாங்க.”

“அவரைத்தான் கொண்டுவரலையே.”

“அது எங்களுக்கு எப்டிமா தெரியும்? வண்டி வருது, வருதுன்னு நிக்கிறோம். பொணம் தாண்டாம சட்டர தூக்கக் கூடாது. இதுதான எங்க மொற. மத்தியானம் ஆச்சி. யாரும் சாப்புடல. அந்த செல்ஃபோன் கட புள்ளைங்க போர்டு லைட்ட போடாம நிக்கிறாங்க. பிரபுக்கு ஃபோன் போட்டா எடுக்கல. சாவு வூட்ல திரும்பத் திரும்பப் போடவும் மனசு வரல. வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வேற யாரோ சொல்லித்தான் தெரியும், அங்கியே எடுத்துட்டாங்கன்னு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப யாரு மொதல்ல தூக்குறது? அவரு போவவும் இல்ல, வரவும் இல்ல. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினு நிக்கிறோம். கடைசில ஒவ்வொருத்தரா, சத்தம் வராம தூக்கினோம்.”

“இதை அக்காகிட்ட ஏங்க சொல்லலை?”

“இன்னான்னுமா சொல்றது? உங்களுக்காக நாள் பூரா நின்னோம், நீங்க வரலன்னா? அது கொற சொல்ற மாரி ஆவாதா? ஒண்ணு ரெண்டு பேருக்கு வருத்தமும் இருந்துச்சி, இல்லன்னு சொல்லல. துக்கம் கேக்கப் போனப்ப யாரும் வாயத் தொறக்கல. அண்ணி மூஞ்சியப் பாத்தா எங்க வாய்ல வந்துடுமோன்னு குனிஞ்சிக்கினோம்.”

அந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தூக்கை வாங்காமலே எழுந்து வந்தேன்.

மரணம் நடந்த அன்று காலையில் கொண்டுவருவதாக இருந்து, நடுவில் யாரோ பெரியவர் ‘அவ்வளவு தூரம் எதற்கு’ என்று சொல்ல, மயானத்தில் நேரம் கிடைக்க, எல்லாம் மாறிப்போனது. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தகவல் போனது. ஒரு தெருவுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பிரபுவைக் குறை சொல்லி என்ன? அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை அவன்.

அக்கா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். எத்திராஜ் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரியைத் தூண்டிவிட்டுக் கேட்டாள்.

“வெளக்கு வெக்கிற வரைக்குமா?”

“ஆமாங்க்கா.”

“அவர மத்தியானமே எரிச்சிட்டமேடி. நாம எரிச்ச பின்னாலயும் இவங்க அவருக்காக நின்னுக்கினு இருந்திருக்காங்க.”

அப்புறம் அழுதாள். சென்னையில் எல்லாரும் இருந்தபோது அழாத அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எதிர் மாடியில் யாரோ பாட்டைச் சத்தமாக வைத்தார்கள், பிறகு குறைத்தார்கள்.

காலையில் நான் எழுந்தபோது அவள் கீழே கடையில் இருந்தாள். ஷட்டர் முழுவதும் மேலே போயிருந்தது. உள்ளே சாக்கு வாசனை. தூசி தட்டி, மேஜையைத் துடைத்து, கடை திறந்த நாளில் எடுத்த மாமாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஒரு துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். வல்லத்துக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். ஒரு தார்ப்பாய் வேண்டுமாம்.

“ரொம்ப நாளா கட மூடியே கெடந்துச்சே. அண்ணன் எங்க?”

“தவறிட்டாரு” என்றாள் அக்கா. அதை அவள் வாயால் நான் கேட்பது அதுதான் முதல் தடவை. அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவருக்குத் தார்ப்பாயை அளந்து, மடித்துக் கட்டிக் கொடுத்தாள்.

பிறகு தெருவில் இறங்கிக் கடை கடையாகப் போனாள். பாத்திரக்கடை, நகைக்கடை, செல்ஃபோன் ஷோரூம், ஷவர்மா போடும் இடம்கூட. எல்லா இடத்திலும் ஒரே வார்த்தைதான். “நீங்க நின்னது எனக்கு நேத்துதான் தெரியும். உங்கள காக்க வெச்சிட்டோம். மனசுல வெச்சிக்காதிங்க.” எத்திராஜ் எழுந்து நின்றார். கும்பிட்டார்.

திரும்பி வந்து என்னிடம், “பிரபுக்கு ஃபோன் பண்ணு. வண்டி அனுப்பச் சொல்லு. அவரும் இந்தத் தெரு வழியாவே போவட்டும்” என்றாள். வந்த காரியம் முடிந்தது. எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. இந்தத் தெருவை விட்டு இவளைப் பிரித்துக்கொண்டு போவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது. இருந்துவிடேன் அக்கா என்று சொல்ல வாய் வரை வந்தது. படியேறும்போது அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கியதைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் மதியம் கார் வந்தது. வாசலுக்கு வரச் சொல்லவில்லை அக்கா. தெருவின் கிழக்கு முனையில் நிற்கச் சொன்னாள், பிணம் போகிற முனையில். சாவியை எத்திராஜிடம் கொடுத்தாள்.

“நான் தெருமொனயத் தாண்டின பெறவு எறக்கிடு தம்பி.”

“சரிங்கண்ணி.”

துண்டில் சுற்றிய படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். நான் பெட்டியோடு பின்னால். கடைக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். யாரும் ஷட்டரில் கை வைக்கவில்லை. உயிரோடு போகிறவளுக்கு இறக்கக் கூடாது. செல்ஃபோன் ஷோரூமில் விளக்கு எரிந்தது. காபிக்கடையில் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் என்ன நடக்கிறது என்று தெரியாமல் எட்டிப் பார்த்தார்கள்.

முனையைத் தாண்டி, காருக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். பின்னால் கடகடவென்று எங்கள் கடை ஷட்டர் இறங்குகிற சத்தம். அந்தத் துருப்பிடித்த சத்தம் வேறு யாருடையதும் இல்லை. சட்டென்று நின்றது. பாதியில் நின்றுவிட்டது.

அக்காவும் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. படத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கார் டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார், அக்கா ஏறவில்லை. அவரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

பிறகு மீதி ஷட்டரும் இறங்கித் தரையில் முட்டுகிற சத்தம் கேட்டது.

“போலாம்” என்று அக்கா காரில் ஏறினாள்.